கலிஃபோர்னியாவில் வீடு, ஊரில் மனை: உயில் போதுமா, லிவிங் டிரஸ்ட் வேண்டுமா?

கலிஃபோர்னியாவில் 12 லட்சம் டாலர் பெறும் ஒரு வீடு. வங்கிக்கு இன்னும் 8 லட்சம் பாக்கி. கணவனும் மனைவியும் முறையாக உயில் எழுதி, இரண்டு சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கி, ஃபைலில் வைத்துவிட்டுக் காலமாகிறார்கள். உயில்தான் இருக்கிறதே, நேராகப் போய்ப் பெயரை மாற்றிக்கொள்ளலாம் என்று பிள்ளைகள் நினைப்பார்கள். ஆனால் அந்த உயிலை சுப்பீரியர் கோர்ட்டில் தாக்கல் செய்து, ப்ரோபேட் என்ற, உயிலைச் சரிபார்த்துச் சொத்தைக் கைமாற்றும் கோர்ட் நடைமுறை முழுவதையும் கடந்த பிறகுதான் வீடு அவர்கள் பெயருக்கு வரும்.

அதற்கு வக்கீல் எவ்வளவு வரை வாங்கலாம் என்று மாநிலச் சட்டமே கணக்கு வைத்திருக்கிறது. முதல் 1 லட்சத்துக்கு 4 சதவீதம், அடுத்த 1 லட்சத்துக்கு 3, அதற்கடுத்த 8 லட்சத்துக்கு 2, அதற்கடுத்த 90 லட்சத்துக்கு 1. நம் வீட்டுக்கு 4,000 + 3,000 + 16,000 + 2,000, ஆக 25,000 டாலர். உயிலை நிறைவேற்றும் எக்ஸிக்யூட்டருக்கும் இதே தொகை உண்டு. இரண்டும் சேர்ந்தால் 50,000. பலர் கவனிக்காத விஷயம், இந்தக் கணக்கு வீட்டின் முழு மதிப்பில் போடப்படுகிறது. 8 லட்சம் கடனைக் கழிப்பதில்லை. குடும்பத்துக்கு உண்மையில் மிஞ்சுவது 4 லட்சம். அதில் எட்டில் ஒரு பங்கு போய்விடுகிறது. பிள்ளையே எக்ஸிக்யூட்டராக இருந்தால் தன் 25,000 வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கலாம். அது வரி கட்ட வேண்டிய வருமானம், வாரிசாக வரும் சொத்துக்கு வருமான வரி இல்லை என்பதால் பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். மதிப்பீடு செய்யும் ப்ரோபேட் ரெஃபரிக்கு ஆயிரத்துக்கு ஒரு டாலர் வீதம் தனி. கடன்காரர்கள் உரிமை கோர 4 மாதம் விட வேண்டும், கோர்ட் தேதிகளுக்குக் காத்திருக்க வேண்டும். எல்லாம் முடிய ஒரு வருடம், ஒன்றரை வருடம் என்பது சாதாரணம்.

லிவிங் டிரஸ்ட் என்ற ஏற்பாடு இங்கே இவ்வளவு பரவியிருப்பதற்கு இந்தக் கட்டண அட்டவணை ஒரு பெரிய காரணம். வரியை மிச்சம் பிடிக்க அது உதவுவதில்லை. பணக்காரர்களுக்கு மட்டும் உரியதும் இல்லை.

டிரஸ்ட் என்றதும் நமக்கு அறக்கட்டளை ஞாபகம் வரும். இதில் அறமும் இல்லை, கட்டளையும் இல்லை. உயிரோடு இருக்கும்போதே உங்கள் சொத்தை இன்னொரு பெயர்ப்பலகையின் கீழ் கொண்டுவருகிறீர்கள், அவ்வளவுதான். சொத்தைக் கொடுப்பவர் நீங்கள், அதை நிர்வகிக்கும் டிரஸ்டி நீங்கள், அனுபவிப்பவரும் நீங்களே. எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், கலைத்துவிடலாம். தனி வரிக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டியதில்லை. உங்கள் சோஷியல் செக்யூரிட்டி எண்ணிலேயே ஓடும். நீங்கள் இறந்தாலோ, பக்கவாதத்திலோ மறதி நோயிலோ செயலிழந்தாலோ, நீங்கள் குறித்து வைத்திருக்கும் அடுத்த டிரஸ்டி அந்த நாற்காலியில் உட்காருகிறார். சொத்து ஏற்கெனவே டிரஸ்டின் பெயரில் இருப்பதால் கோர்ட்டுக்குப் போக வேண்டிய வேலையே எழுவதில்லை.

செயலிழந்துபோவதைப் பற்றி நம் வீடுகளில் யாரும் பேசுவதில்லை. உயில் இறந்த பிறகுதான் பேசும். எட்டு வருடம் படுக்கையில் கிடந்தால் அந்த எட்டு வருடமும் உயில் வெறும் காகிதம். பவர் ஆஃப் அட்டர்னி எனும் அதிகாரப் பத்திரமும் இல்லாவிட்டால், வீட்டை வாடகைக்கு விடவோ விற்று மருத்துவச் செலவு பார்க்கவோ உங்கள் சார்பில் நிர்வகிக்க ஒருவரை நியமிக்கும் கன்சர்வேட்டர்ஷிப் கேட்டு கோர்ட்டுக்குப் போக வேண்டியிருக்கும். என் கணக்கில் டிரஸ்டின் பெரிய பலன் இதுதான்; ப்ரோபேட் கட்டணம் மிச்சமாவது இரண்டாவதுதான்.

அதற்காக எல்லோருக்கும் டிரஸ்ட் வேண்டும் என்று சொல்ல மாட்டேன். நான் சொல்வதெல்லாம் கலிஃபோர்னியாவின் கதை. டெக்சாஸில் உயிலில் சரியான வாசகம் இருந்தால் எக்ஸிக்யூட்டர் கோர்ட்டின் மேற்பார்வை பெரிதாக இல்லாமல் சுதந்திரமாக நிர்வகிக்கலாம், சதவீதக் கட்டண அட்டவணை வக்கீலுக்குக் கிடையாது. நியூ ஜெர்சியில் இறந்து 10 நாள் கழித்து கவுன்ட்டியில் (மாவட்டம் போன்றது) உயில்களைக் கவனிக்கும் சரோகேட் அலுவலகத்தில் உயிலைக் கொடுத்தால், யாரும் ஆட்சேபிக்காத பட்சத்தில் சுலபமாக முடிந்துவிடும். டெக்சாஸின் ஃப்ரிஸ்கோவில் இருப்பவரும் நியூ ஜெர்சியின் எடிசனில் இருப்பவரும் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நண்பரைப் பார்த்து டிரஸ்ட் போட ஓட வேண்டியதில்லை. அவர்களுக்கு நல்ல உயிலும் அதிகாரப் பத்திரமும் பெரும்பாலும் போதும். ஆனால் வேறு மாநிலத்தில் வாடகை வீடு ஒன்று வாங்கிப் போட்டிருந்தால் அங்கேயும் தனியாக ஒரு ப்ரோபேட் என்பதால், அப்போது டிரஸ்டை யோசிக்கலாம்.

கலிஃபோர்னியாவிலேயே சொந்த வீடு இல்லாமல், சேமிப்பு எல்லாம் 401கே, ஐஆர்ஏ என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்குகள், இன்ஷூரன்ஸ் என்று இருப்பவருக்கும் டிரஸ்ட் அவசரமில்லை. இவை மூன்றும் உயில் வழியாகவும் போகாது, டிரஸ்ட் வழியாகவும் போகாது. கணக்கில் பெனிஃபிஷியரி என்று யார் பெயர் இருக்கிறதோ அவருக்கே போகும். கல்யாணத்துக்கு முன் வேலையில் சேர்ந்த முதல் நாளில் அம்மா பெயரைப் போட்ட ஐஆர்ஏவோ இன்ஷூரன்ஸோ, இருபது வருடம் கழித்தும் அம்மாவுக்கே போகும், உயிலில் என்ன எழுதியிருந்தாலும் சரி. 401கே விதிவிலக்கு. மனைவியோ கணவனோ எழுத்தில் சம்மதிக்காவிட்டால் ஃபெடரல் சட்டப்படி அது அவருக்கே உரியது. இன்றே லாகின் செய்து எல்லாக் கணக்கிலும் முதல் பெயரையும் மாற்றுப் பெயரையும் பாருங்கள். காசு செலவில்லாத வேலை.

சிறிய சொத்துக்கு ப்ரோபேட் இல்லாத வழியும் இருக்கிறது. 2025 ஏப்ரல் 1 முதல் இறந்தவர்களுக்கு, ப்ரோபேட்டுக்கு உட்பட்ட சொத்தின் மொத்த மதிப்பு 2,08,850 டாலருக்குள் இருந்தால், வங்கி, பங்குக் கணக்குகளை 40 நாள் கழித்து ஒரு உறுதிமொழிப் பத்திரத்தைக் காட்டியே வாங்கிவிடலாம். அதே நாள் முதல், குடியிருந்த வீடு 7,50,000 டாலருக்குள் இருந்தால் முழு ப்ரோபேட் இல்லாமல் ஒரு மனுவில் முடிக்கலாம். இதுவும் கடனைக் கழிக்காத மதிப்புதான். சேக்ரமென்டோ பக்கமோ உள்நாட்டுப் பள்ளத்தாக்கிலோ வீடு வைத்திருப்பவர்களுக்கு இது நல்ல செய்தி. சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் அந்த விலைக்குத் தனி வீடு கிடைப்பதே அரிது.

வீட்டுப் பத்திரத்தில் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது, அது போதாதா என்று கேட்பார்கள். முதலில் இறப்பவருக்குப் போதும். கூட்டு உரிமையாகவோ, உயிரோடு இருப்பவருக்கே சேரும் என்ற உரிமையோடு கூடிய சமூகச் சொத்தாகவோ (திருமணத்துக்குப் பின் இருவரும் சேர்த்தது) இருந்தால் மற்றவருக்குத் தானாகப் போய்விடும். இரண்டாமவர் இறக்கும்போதோ, இருவரும் ஒரே விபத்தில் போய்விட்டாலோ, ப்ரோபேட் அப்படியே காத்திருக்கும். இன்னொரு நுணுக்கம்: சமூகச் சொத்து என்றால், ஒருவர் இறந்ததும் வீட்டின் இரண்டு பாதிகளுக்கும் அடக்கவிலை அன்றைய சந்தை மதிப்புக்கு உயர்ந்துவிடும். 5 லட்சத்துக்கு வாங்கி 12 லட்சம் ஆன வீட்டை உடனே விற்றால் லாப வரி இல்லை. வெறும் கூட்டு உரிமையாக மட்டும் கருதப்பட்டால் ஒரு பாதிக்குத்தான் அந்தச் சலுகை. டிரஸ்ட் எழுதும்போது சமூகச் சொத்து டிரஸ்டுக்குள்ளும் சமூகச் சொத்தாகவே இருக்கும் என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

வீட்டுக்கு மட்டும், இறந்தபின் மாறும் டீட் (உரிமைப் பத்திரம்) ஒன்றும் கலிஃபோர்னியாவில் உண்டு. நோட்டரியோடு இரண்டு சாட்சி வேண்டும், நோட்டரி தேதியிலிருந்து 60 நாளுக்குள் கவுன்ட்டியில் பதிவு செய்ய வேண்டும். மலிவுதான். ஆனால் வாரிசு மைனர் என்றாலும், நீங்கள் செயலிழந்துபோனாலும் அது உதவாது. சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

இனி முக்கியமான இடம். வக்கீலிடம் சில ஆயிரம் டாலர் கொடுத்து, தோல் உறை போட்ட கனத்த ஃபைலாக டிரஸ்ட் வாங்கி அலமாரியில் வைத்த பலரின் வீடு கடைசியில் ப்ரோபேட்டுக்கே போகிறது. காரணம் எப்போதும் ஒன்றுதான்: சொத்தை டிரஸ்டுக்குள் மாற்றவில்லை. இதை இங்கே ஃபண்டிங் என்பார்கள். டிரஸ்ட் ஒரு பெட்டி. பெட்டி செய்து வைத்தால் மட்டும் நகை தானாக உள்ளே போய்விடாது.

வீட்டுக்கு என்ன செய்ய வேண்டும்? புதிய டீட் ஒன்று. பழைய டீடில் இருக்கும் சொத்து விவரத்தை ஒரு எழுத்து பிசகாமல் நகலெடுக்க வேண்டும். முகவரி மட்டும் போதாது. மனை எண், துண்டு எண், வரைபடப் புத்தகப் பக்கம் எல்லாம் வேண்டும், சொத்துவரிக்கு மதிப்பிடும் அசெஸ்ஸர் அலுவலகத்தின் பார்சல் எண்ணும் வேண்டும். பெறுபவர் என்ற இடத்தில் டிரஸ்டின் பெயரை மட்டும் எழுதுவது பரவலான தப்பு. இந்த டிரஸ்டுக்குத் தனி ஆள் அந்தஸ்து கிடையாது. இன்னார், இன்னார், இன்ன தேதியிட்ட இன்ன குடும்ப டிரஸ்டின் டிரஸ்டிகளாக என்று முழுதாக எழுத வேண்டும். நோட்டரி முன் கையெழுத்து, பிறகு கவுன்ட்டி ரெக்கார்டரிடம் பதிவு. கூடவே உரிமை மாற்ற முன்னறிக்கைப் படிவம் ஒன்றைக் கொடுத்து, அதில் ரத்து செய்யக்கூடிய டிரஸ்டுக்கு மாற்றம் என்ற கட்டத்தில் குறியிட வேண்டும். அதை விட்டுவிட்டால் அசெஸ்ஸர் அலுவலகம் வீட்டை விற்றுவிட்டதாக எண்ணி, சொத்துவரியை இன்றைய விலைக்கு உயர்த்தி நோட்டீஸ் அனுப்பும் நிலை வரலாம். திருத்திவிடலாம், ஆனால் அலைச்சல். பத்திர மாற்ற வரிக்கு விலக்கு உண்டு. எந்தச் சட்டப்பிரிவின்படி விலக்கு என்பதை டீடின் முகப்பிலேயே எழுத வேண்டும். வருவாய், வரிச் சட்டத்தின் 11930ஆம் பிரிவு இதற்குரியது.

நம் ஆட்களுக்குப் பெயரிலேயே ஒரு சிக்கல். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலி, விசாவில் எஃப்என்யு (முதற்பெயர் தெரியவில்லை), லைசென்ஸில் அப்பா பெயர் கடைசிப் பெயர், வீட்டு டீடில் இனிஷியல் மட்டும். கொடுப்பவரின் பெயர் பழைய டீடில் எப்படி இருக்கிறதோ அப்படியே புதிய டீடிலும் இருக்க வேண்டும். இன்னொரு வடிவம் இருந்தால் இப்பெயராலும் அறியப்படுபவர் என்று சேர்த்துக்கொள்ள வேண்டும். டிரஸ்ட், உயில், வங்கிப் படிவம் எல்லாவற்றிலும் ஒரே வடிவத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பின் அதை நிரூபிக்க வேண்டியவர்கள் பிள்ளைகள்.

வீட்டுக் கடன் இருக்கும்போது பெயர் மாற்றினால் வங்கி முழுக் கடனையும் உடனே கேட்குமோ என்ற பயம் வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் வீட்டை, நீங்களே அனுபவிக்கும் டிரஸ்டுக்கு மாற்றினால் கேட்கக் கூடாது என்று 1982ஆம் வருட ஃபெடரல் சட்டம் ஒன்று தடுக்கிறது. வீட்டு இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு மட்டும் போன் செய்து டிரஸ்டியின் பெயரையும் பாலிசியில் சேர்க்கச் சொல்லுங்கள்.

ரீஃபைனான்ஸ்தான் பெரிய பொறி. வட்டி குறைந்தது என்று புதுக் கடன் எடுக்கும்போது, வீட்டை டிரஸ்டிலிருந்து எடுத்து உங்கள் பெயருக்கு மாற்றித் தாருங்கள் என்று கடன் கொடுப்பவர் கேட்பது உண்டு. கையெழுத்துப் போட வேண்டிய நூறு பக்கத்தில் அந்த டீடும் ஒன்றாகப் போய்விடும். கடன் முடிந்த பின் திரும்ப டிரஸ்டுக்கு மாற்ற யாருக்கும் நினைவிருக்காது. 2020லும் 2021லும் வட்டி 3 சதவீதத்துக்கும் கீழே போனபோது ரீஃபைனான்ஸ் செய்தவர்கள் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். கவுன்ட்டி ரெக்கார்டர் அலுவலகத்தின் பெயர் அட்டவணையில் தேடலாம். ஊரில் வில்லங்கம் போட்டுப் பார்ப்பது போலத்தான். கடைசியாகப் பதிவான டீடில் டிரஸ்டி என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

மறந்தே போய்விட்டால்? டிரஸ்டோடு இணைத்த சொத்துப் பட்டியலில் வீட்டைக் குறிப்பிட்டு, நீங்களே டிரஸ்டியாகவும் இருந்திருந்தால், 1993இல் வந்த ஹெக்ஸ்டாட் தீர்ப்பின் பெயரால் அறியப்படும் மனுவைப் போட்டு, இது டிரஸ்டின் சொத்துதான் என்று கோர்ட்டிடம் உத்தரவு வாங்க முடியும். ப்ரோபேட்டைவிட மலிவு, ஆனாலும் கோர்ட்தான். அதனால் பட்டியலைச் சோம்பேறித்தனமாக எழுதாதீர்கள். என் எல்லாச் சொத்தும் என்று ஒரு வரியில் முடிக்காமல், வீட்டின் முகவரி, பார்சல் எண் என்று தனித்தனியாக எழுதுங்கள்.

வங்கி, பங்குக் கணக்குகளுக்கு முழு டிரஸ்ட் ஆவணத்தைக் கொடுக்க வேண்டியதில்லை. டிரஸ்ட் சான்றிதழ் என்ற சில பக்கச் சுருக்கம் போதும். யாருக்கு எவ்வளவு என்ற விஷயம் அதில் வராது. வங்கி ஊழியர் முழு ஆவணத்தையும் கேட்டாலும் சான்றிதழைக் காட்டிப் பொறுமையாகச் சொல்லுங்கள். 401கே, ஐஆர்ஏ இரண்டையும் டிரஸ்டின் பெயருக்கு மாற்றவே கூடாது. மாற்றினால் முழுத் தொகையையும் எடுத்துவிட்டதாகக் கருதி அந்த வருடமே வருமான வரி விழும். வேலை செய்யும் கம்பெனி தரும் பங்குகள் இருக்கும் கணக்கை டிரஸ்டின் பெயரில் வைக்கப் பல இடங்களில் விடுவதில்லை. பங்குகள் உங்கள் கைக்கு வந்த பின் டிரஸ்டின் கணக்குக்கு அவ்வப்போது நகர்த்துவதுதான் வழி. காரை விட்டுவிடலாம், வண்டிப் பதிவு அலுவலகமான டிஎம்வியில் அதற்குத் தனிப் படிவம் இருக்கிறது. 529 கல்லூரிச் சேமிப்புக்கு அடுத்த உரிமையாளர் பெயரைக் குறிப்பிட்டால் போதும். இன்ஷூரன்ஸில் மட்டும் கவனம்: பத்து வயதுக் குழந்தையின் பெயரை நேரடியாகப் போடாதீர்கள். மைனருக்குப் பெரிய தொகை போனால் கோர்ட் காப்பாளரைக் கேட்கும், 18 வயதில் முழுத் தொகையும் பிள்ளை கைக்கு வரும். டிரஸ்டை பெனிஃபிஷியரியாகப் போட்டால், படிப்புக்கு இவ்வளவு, 25 வயதில் ஒரு பங்கு, 30இல் மீதி என்று நீங்கள் எழுதியபடி நடக்கும்.

டிரஸ்ட் இருந்தாலும் உயில் வேண்டும். டிரஸ்டுக்குள் போகாமல் வெளியே தங்கிவிட்ட சொத்தை டிரஸ்டுக்கே கொண்டுபோய்ச் சேர் என்று சொல்லும் சிறிய உயில் அது. வெளியே தங்கியது 2,08,850 டாலரைத் தாண்டினால் அதற்கு ப்ரோபேட் உண்டு என்பதால் அதை நம்பிச் சும்மா இருக்க முடியாது. குழந்தைகளுக்குக் கார்டியன் யார் என்பதை எழுதும் வழக்கமான இடமும் அந்த உயில்தான். சென்னையில் இருக்கும் தாத்தா பாட்டி பெயரை எழுதுவதில் தப்பில்லை. ஆனால் அவர்கள் விசா வாங்கி, விமானம் ஏறி வந்துசேரும் வரை குழந்தை எங்கே இருக்கும்? பக்கத்திலேயே இருக்கும் ஒரு நண்பர் குடும்பத்தைத் தற்காலிகக் கார்டியனாகவும் எழுதுங்கள். அவர்களிடம் கேட்டுச் சம்மதம் வாங்கிவிட்டு எழுதுங்கள்.

உயில் கையெழுத்தில் நடக்கும் தப்பும் சொல்லிவிடுகிறேன். டைப் செய்த உயிலுக்குக் கலிஃபோர்னியாவில் இரண்டு சாட்சி வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் உடனிருந்து நீங்கள் கையெழுத்திடுவதைப் பார்க்க வேண்டும், அது உயில் என்று அறிந்திருக்க வேண்டும். நோட்டரி முத்திரை அதற்கு ஈடாகாது. முத்திரை குத்திவிட்டு, சாட்சி இடத்தைக் காலியாக விட்ட உயில்களைக் காப்பாற்றுவது பெரும்பாடு. சொத்துப் பெறுபவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டால், மிரட்டியோ ஏமாற்றியோ எழுத வாங்கினார் என்ற சந்தேகத்தைச் சட்டமே எழுப்பும். சாட்சியே இல்லாமலும் உயில் செல்ல நேரான வழி, யாருக்கு என்ன என்ற பகுதியும் கையெழுத்தும் உங்கள் சொந்தக் கையால் எழுதியிருப்பது. தமிழில் எழுதினாலும் செல்லும். கோர்ட்டில் ஆங்கில மொழிபெயர்ப்பை இணைக்க வேண்டும்.

உயிலும் இல்லை, டிரஸ்டும் இல்லை என்றால் கலிஃபோர்னியா சட்டம் பங்கு பிரிக்கும். மாதாமாதம் அம்மா அப்பாவுக்குப் பணம் அனுப்பும் பிள்ளைகள் இந்தப் பத்தியைக் கவனிக்க வேண்டும். திருமணத்துக்குப் பின் சேர்த்த சமூகச் சொத்து முழுதும் மனைவிக்கோ கணவனுக்கோ போகும். தனிச் சொத்து, ஒரு குழந்தை இருந்தால் பாதி மனைவிக்கு, பாதி குழந்தைக்கு. இரண்டு அல்லது அதற்கு மேல் இருந்தால் மூன்றில் ஒன்று மனைவிக்கு, மீதி குழந்தைகளுக்கு. குழந்தை இருந்தால் பெற்றோருக்கு ஒரு டாலர்கூடக் கிடையாது. அதே மகன் பெயரில் தாம்பரத்தில் ஒரு ஃப்ளாட் இருந்தால், 1956ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, குழந்தைகளோடு அம்மாவுக்கும் சம பங்கு உண்டு, அப்பாவுக்கு இல்லை. ஒரே மனிதனின் சொத்து, இரண்டு நாட்டில் இரண்டு விதமாகப் பிரியும். பெற்றோருக்கு ஏதாவது போய்ச் சேர வேண்டும் என்றால் நீங்கள்தான் எழுதியாக வேண்டும்.

அடுத்த டிரஸ்டியாக ஊரில் இருக்கும் அண்ணனை எழுதும் பழக்கமும் உண்டு. நம்பிக்கைக்கு அவரைவிட யார்? ஆனால் டிரஸ்டின் முக்கிய முடிவுகளை அமெரிக்க வரிச்சட்டக் கணக்கில் வெளிநாட்டவரான ஒருவர் எடுக்கும் நிலை வந்தால், அந்த டிரஸ்ட் வெளிநாட்டு டிரஸ்ட் ஆகிவிடும். 3520, 3520-ஏ என்று தனிப் படிவங்கள், தவறினால் கடுமையான அபராதம். இங்கேயே இருக்கும் ஒருவரை டிரஸ்டியாக வைத்து, அண்ணனிடம் கலந்து பேசும்படி ஒரு தனிக் கடிதம் எழுதி வையுங்கள். உயில் இல்லாமல் இறந்தால் ப்ரோபேட்டை நிர்வகிக்க அமெரிக்காவில் வசிக்காத உறவினரை கோர்ட் நியமிக்காது. உயிலில் எக்ஸிக்யூட்டராகப் பெயர் எழுதியிருந்தால் மட்டும் அந்தத் தடை இல்லை.

டிரஸ்ட் எதைச் செய்யாது என்பதையும் தெரிந்துகொண்டு பணம் கொடுங்கள். ரத்து செய்யக்கூடிய டிரஸ்டில் இருக்கும் வீட்டை உங்கள் கடன்காரர்கள் தொட முடியும். இறப்பவர் விட்டுச்செல்லும் சொத்தின் மேல் விழும் எஸ்டேட் வரி இதனால் மட்டும் குறைவதில்லை. பெற்றோரின் பழைய குறைந்த சொத்துவரி பிள்ளைகளுக்குத் தொடர்வதும் இதனால் வராது. 2021 பிப்ரவரி 16 முதல் நடைமுறையில் உள்ள, கலிஃபோர்னியா வாக்காளர்கள் நிறைவேற்றிய 19ஆம் முன்மொழிவின்படி, பிள்ளை ஒரு வருடத்துக்குள் அந்த வீட்டைத் தன் குடியிருப்பாக ஆக்கிக்கொண்டால்தான் சலுகை, அதற்கும் வரம்பு உண்டு. நீங்கள் இறந்த பிறகு டிரஸ்டிக்கு வேலையே இல்லை என்றும் எண்ண வேண்டாம். 60 நாளுக்குள் வாரிசுகளுக்கும் பயனாளிகளுக்கும் சட்டப்படியான நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது போன நாளிலிருந்து 120 நாளுக்குள்தான் அவர்கள் டிரஸ்டை எதிர்த்து வழக்குப் போட முடியும். நோட்டீஸ் அனுப்பாவிட்டால் அந்தக் கெடு ஓடத் தொடங்காது.

எஸ்டேட் வரி விலக்கு 2026இல் தலைக்கு 1.5 கோடி டாலர். குடிமக்களுக்கும், இங்கேயே நிரந்தரமாக வாழும் எண்ணத்தோடு இருப்பவர்களுக்கும் அது பொருந்தும், பெரும்பாலோருக்குக் கவலையில்லை. ஆனால் வேலையை விட்டு ஊர் திரும்பி, அமெரிக்கக் கம்பெனிப் பங்குகளை மட்டும் கணக்கில் அப்படியே வைத்திருப்பவர்களுக்கு விலக்கு வெறும் 60,000 டாலர். அதற்கு மேல் படிப்படியாக 40 சதவீதம் வரை வரி. இந்தியாவோடு இதற்கான வரி ஒப்பந்தம் இல்லை, லிவிங் டிரஸ்டும் காப்பாற்றாது. கோயம்புத்தூரில் உட்கார்ந்து இதைப் படிப்பவர் ஒருவராவது இருப்பார். உங்கள் கணக்கை இன்றே பாருங்கள்.

கடைசியாக ஊர்ச் சொத்து. அதை அமெரிக்க டிரஸ்டின் பட்டியலில் சேர்க்காதீர்கள். உயிரோடு இருக்கும்போதே அசையாச் சொத்தை ஒரு டிரஸ்டில் வைக்க வேண்டுமானால், அது பதிவு செய்த பத்திரத்தால் ஆக வேண்டும் என்று 1882ஆம் வருட இந்திய டிரஸ்ட் சட்டம் சொல்கிறது. சான் ஹோசேயில் நோட்டரி முன் போட்ட கையெழுத்து மதுரை சார்பதிவாளர் அலுவலகத்தில் எடுபடாது. இந்தியச் சொத்துக்கு இந்தியாவுக்கென்றே தனி உயில் எழுதுங்கள். சர்வே எண், பட்டா எண், பத்திர எண், பதிவு செய்த சார்பதிவாளர் அலுவலகம், நான்கு எல்லை என்று முழு விவரத்தோடு. இரண்டு சாட்சி கட்டாயம். பதிவு கட்டாயமில்லை, ஆனால் ஊருக்குப் போகும்போது பதிவு செய்துவிடுவது நல்லது. வங்கியில் நாமினி போட்டிருக்கிறேனே என்று விட்டுவிடாதீர்கள். அமெரிக்க பெனிஃபிஷியரி பணத்துக்கு உரியவர். இந்திய வங்கி நாமினி பணத்தை வாங்கி வாரிசுகளிடம் சேர்க்க வேண்டியவர் மட்டுமே.

இரண்டு உயில் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அமெரிக்க உயிலின் முதல் பத்தியில் இதற்கு முன் எழுதிய எல்லா உயில்களையும் ரத்து செய்கிறேன் என்று அச்சடித்த வாசகம் இருக்கும். அதை அப்படியே கையெழுத்திட்டால், போன வருடம் ஊரில் பதிவு செய்த உயிலும் செத்துவிடும். இந்தியாவில் உள்ள சொத்துக்கு நான் எழுதியிருக்கும் உயில் தவிர என்று சேர்க்கச் சொல்லுங்கள். இந்திய உயிலிலும் அதேபோல, இது இந்தியச் சொத்துக்கு மட்டும் என்று முதல் வரியிலேயே இருக்கட்டும். சாட்சிகளில் ஒருவராவது உங்களைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவராகவும் ஊரிலேயே இருப்பவராகவும் பார்த்துக்கொள்ளுங்கள். பின்னால் யாராவது உயிலை மறுத்தால், கோர்ட்டில் ஏறி, ஆமாம், என் முன்னால்தான் கையெழுத்துப் போட்டார் என்று சொல்ல வேண்டியவர் அவர்.